மூன்று மர்ஃபிகளும் ராஸ் அல் கைமா சாரும்

நான் ஓய்வு பெறும்போது ஹோட்டல்காரர்கள் என்னை வைத்து ஒரு வீடியோ எடுத்தார்கள். "புதுசா சேர்ற பிள்ளைகளுக்கு உங்க அனுபவத்தைச் சொல்லுங்க சார்" என்று கேமராவை மூக்குக்கு நேரே நீட்டினார்கள். சும்மாவே பேசுகிற ஆள் நான், கேமராவையும் காட்டினால் விடுவேனா? விளக்குக்காரர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வரும்வரை பேசினேன். கடைசியில், சிரித்துக்கொண்டே "வெல்கம்" என்று நான் சொன்ன இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைக் கடாசிவிட்டார்கள். இப்போது அந்த ஹோட்டல் வாசலில் விருந்தாளியின் முகத்தைப் பார்த்ததுமே பெயரைச் சொல்லிவிடும் திரை ஒன்று நிற்கிறதாம். நான் பார்த்த வேலையை அது பார்க்கிறது, அதுவும் டீ இல்லாமல். கடாசிய மீதியில் கொஞ்சத்தை இங்கே எழுதிவைக்கிறேன். இதை வெட்டுவதற்கு என் மனைவி ஜெயாவைத் தவிர வேறு ஆளில்லை.

என் வேலைக்குப் பெயர் கெஸ்ட் ரிலேஷன்ஸ். துபாயில் ஒரு பெரிய ஹோட்டல். பிரபலமானவர்கள் வந்து இறங்கினால் வாசலிலேயே பெயர் சொல்லி வரவேற்று, அறைவரை கொண்டுபோய் விட்டு, கிளம்பும்வரை அவர்களுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் பெண்ணின் தாய்மாமன் செய்கிற வேலைதான், கோட்டு போட்டுக்கொண்டு செய்ய வேண்டும், அவ்வளவே. திருச்சியில் கேட்டரிங் படித்தேன். குவைத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் ரிசப்ஷன் பார்த்தேன், பல்பும் மாட்டினேன். அங்கே மலையாளிகள் நிறைந்த அப்பாசியாவில் ஒரு அறைக்குள் அடைந்து கிடந்து மலையாளத்தில் கோபப்படக் கற்றுக்கொண்டேன். பிறகு துபாய், கராமாவில் வீடு, ஜெயா. பயிற்சிக்காலம் இவ்வளவுதான்.

எங்கள் மேனேஜர் மெனேசஸ், மங்களூர்க்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பக்கத்தில் வந்து, நம் கோட்டில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையை இரண்டு விரலால் பிடித்து நேராக்குவார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருக்கும். ஒன்றும் பேசாமல் நேராக்கிவிட்டுப் போய்விடுவார். அதற்கு இரண்டு அறை அறைந்திருக்கலாம் என்று தோன்றும்.

அவரிடம் சில சட்டங்கள் உண்டு. விருந்தாளி கை நீட்டாமல் நாம் கை நீட்டக்கூடாது. காரின் பின்கதவு எங்கே வந்து நிற்குமோ அங்கே நாம் முன்கூட்டியே நிற்க வேண்டும். விருந்தாளியின் பெயரை வாசலில் ஒரு தடவை, லிஃப்டில் ஒரு தடவை, அறைக்கதவில் ஒரு தடவை சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: "யார்?" என்று கேட்கவே கூடாது. "நமக்குத் தெரியலைன்னு விருந்தாளிக்குத் தெரிஞ்சா, அப்புறம் நம்ம எதுக்கு வைத்தி?" என்பார்.

நானும் எனக்குத் தெரியாத பெயரே இல்லை என்கிற நினைப்பில் திரிந்தேன். வீட்டில் அந்தப் பருப்பு வேகாது. "எங்க, என் சித்தி மாப்பிள்ளை பேரைச் சொல்லுங்க பார்ப்போம்" என்பாள் ஜெயா. எனக்குத் தெரிந்ததெல்லாம் 'பாண்டிச்சேரிக்காரர்' என்பதுதான். நம் பழக்கம் அப்படி. அறையில் மூன்று மூர்த்தி இருந்தால் ஒருவன் கிரேன் மூர்த்தி, ஒருவன் அரியலூர் மூர்த்தி, இன்னொருவன் குறட்டை மூர்த்தி. கொஞ்ச நாளில் மூர்த்தியும் உதிர்ந்துபோய் கிரேன், அரியலூர், குறட்டை மட்டும் மிஞ்சும்.

ஒரு மார்ச் மாதம் துபாயிலுள்ள அயர்லாந்துக்காரர்கள் தங்கள் திருநாள் விருந்தை எங்கள் ஹோட்டலில் வைத்தார்கள். அந்த வருஷம் அவர்களுக்கு ஒரு விளையாட்டுப் புத்தி. பேட்ரிக் மர்ஃபி என்பது அவர்கள் ஊரில் நம் ஊர் முருகேசன் மாதிரி, தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்தப் பெயரிலேயே பிரபலமான மூன்று பேரைத் தேடிப்பிடித்துத் தலைமை விருந்தினராக அழைத்துவிட்டார்கள். ஒருவர் இருதய அறுவை மருத்துவர். ஒருவர் பந்தயக் குதிரைகளைப் பழக்குகிறவர். ஒருவர் பாடகர். மூன்று பேரையும் ஒரே மேடையில் நிறுத்தி அழகு பார்க்க வேண்டுமாம்.

மூவரும் ஒரே நேரத்தில் வந்து இறங்கினார்கள். நான் சட்டப்படி வாசலில் நின்று, வயிற்றிலிருந்து குரலெடுத்து, "வெல்கம், மிஸ்டர் மர்ஃபி!" என்றேன். மூன்று தலைகள் திரும்பின. மூன்று கைகள் நீண்டன. எதை முதலில் பிடிப்பது? நடுவில் இருந்ததைப் பிடித்தேன். அது கார் டிரைவருடையது.

அன்றைக்கே நம் முறைப்படி பெயர் வைத்துவிட்டேன். மருத்துவர் 'இருதயம்', மற்றவர்கள் 'குதிரை', 'பாட்டு'. வாக்கிடாக்கியில் எனக்கும் பெல் கேப்டன் சாகுலுக்கும் இதுதான் பேச்சு. சாகுல் கீழக்கரைக்காரர். பெட்டி தூக்குகிறவர்களுக்கெல்லாம் தலைவர், என்னைவிட வயதில் சின்னவர், விவரத்தில் பெரியவர். "அண்ணே, குதிர லிஃப்டுல ஏறிருச்சு", "பாட்டு குளிக்குது" என்று எல்லாம் சுமுகமாகத்தான் போனது. பாகிஸ்தானி செக்யூரிட்டி ஒருவர் விவரம் கேட்டபோதுதான் சாகுல் இந்தியில், "ஹார்ட் லாபியில் நின்னுபோச்சு பாய்" என்று சொல்லித் தொலைத்தார். அடுத்த நிமிஷம் முதலுதவி நர்ஸ் மின்அதிர்ச்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். லாபியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மருத்துவர் மர்ஃபி அதை வாங்கிப் பார்த்து, "நல்ல மாடல்" என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்தார். மெனேசஸ் என் பெயர்ப்பட்டையை நேராக்கினார்.

விருந்தன்று மதியம் என் மேஜைக்கு ஒரு போன் வந்தது. அயர்லாந்திலிருந்து, எக்ஸ்சேஞ்ச் வழியாக. ஒரு பெண் குரல். இனி வரும் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்ததுதான், என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

"பேட்ரிக் மர்ஃபி அங்கதானே தங்கியிருக்கான்? நான் அவன் தங்கச்சி நோரா. அவன் போன் எடுக்க மாட்டேங்கிறான். அம்மாவுக்கு லேசா உடம்பு சரியில்லை. பயப்பட ஒண்ணுமில்லை. நேரம் கிடைச்சா ஒரு போன் பண்ணச் சொல்லுங்க."

"நிச்சயமாக மேடம்" என்றேன். எந்த மர்ஃபி என்று கேட்டிருக்கலாம். யார் என்று கேட்பதுதான் சட்டப்படி குற்றமாயிற்றே! போன் வைக்கப்பட்டுவிட்டது.

என் முகத்தைப் பார்த்து சாகுல் வந்தார். சொன்னேன்.

"'பயப்பட ஒண்ணுமில்ல'ன்னா சொன்னாக?"

"ஆமா பாய்."

"அப்ப முடிஞ்சு போச்சுண்ணே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் ஒருவனுடைய அம்மாவோ அப்பாவோ தவறிவிட்டால் போன் அவனுக்கு வராது, பக்கத்துக் கட்டில்காரனுக்குத்தான் வரும். அவனும் உடனே சொல்ல மாட்டான். லீவு வாங்கி, டிக்கெட் போட்டு, பெட்டி கட்டி, ஆளை ஒரு வாய் சாப்பிட வைத்துவிட்டு, அப்புறம்தான் "அம்மாவுக்கு லேசா முடியலையாம், நீ ஒரு நடை போயிட்டு வா" என்பான். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அப்பாவுக்கு 'லேசாக மூச்சுத் திணறல்' என்றார்கள். திருச்சி விமான நிலையத்தில் மாமா என் பெட்டியை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தார். ஆக, 'லேசாக' என்றால் எங்களுக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அயர்லாந்தில் லேசாக என்றால் லேசாகத்தான் இருக்கும் என்கிற யோசனை எங்கள் இருவருக்கும் வரவே இல்லை.

யாரோ ஒரு மர்ஃபி தாயை இழந்துவிட்டு, அது தெரியாமல் மேலே டை கட்டிக்கொண்டிருக்கிறார். அவரைக் கண்டுபிடித்து, பக்குவமாக, அடக்கத்துக்குள் ஊர் போய்ச் சேரவைக்க வேண்டும்.

"நேரடியாக் கேக்கக்கூடாதுண்ணே. மொதல்ல மூணு பேரையும் சாப்புட வைப்போம். வெசயம் தெரிஞ்சா பச்சத்தண்ணி எறங்காது" என்றார் சாகுல்.

மருத்துவருக்கு சாண்ட்விச் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போனேன். "சார், அம்மா சுகமா?"

அவர் சாண்ட்விச்சை வாயிலிருந்து எடுத்தார். "ஏன், என்ன பண்ணினாங்க?"

"இல்லை சார், சும்மா விசாரிச்சேன்."

"அதோ, நீச்சல்குளத்துப் பக்கத்துல உங்க ஊரு வெயில் மொத்தத்தையும் வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, போய் நீங்களே கேளுங்க" என்று ஜன்னலைக் காட்டினார். தொப்பி போட்ட பாட்டியம்மா ஒருவர் கையசைத்தார். காலையில் அவருக்குச் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு போய் "நான் என்ன முடமா?" என்று திட்டு வாங்கியவனே நான்தான்.

அடுத்து பாடகர். விருந்து மண்டபத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் கண் நிறைந்துவிட்டது. சின்ன வயதிலேயே போய்விட்டாராம். என்னை உட்காரவைத்து, அம்மாவை நினைத்து அவர் எழுதிய பாட்டை முழுசாகப் பாடினார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நாங்கள் இருவரும் அழுவதைக் கதவோரமாகப் பார்த்த சாகுல், இவர்தான் ஆள், விஷயமும் சொல்லியாகிவிட்டது என்று முடிவுகட்டி ஓடிவந்து பாடகரைக் கட்டிப்பிடித்து, "சபூர் பண்ணுங்க சார், எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம்" என்று தமிழிலேயே ஆறுதல் சொன்னார். தன் பாட்டுக்கு இப்படி ஒரு ரசிகர் கிடைத்ததில் பாடகருக்குப் பரம திருப்தி.

குதிரைக்காரருக்கு பிரியாணி கொடுத்தோம். அவர் சாப்பிட்டு முடித்தபிறகு மெல்ல ஆரம்பித்தேன். "எங்கம்மாவா? புதைச்சு ரொம்ப நாளாச்சு" என்றார் அவர், எலும்பைத் துடைத்துப் போட்டபடி. "மறுபடியும் உடம்பு சரியில்லைன்னா கண்டிப்பா சொல்லு. நானே நேர்ல போய்ப் பார்க்கிறேன்."

சாகுல் கையை விரித்தார். "மர்ஃபி மாஃபிண்ணே." மாஃபி என்றால் அங்கே அரபியில் இல்லை என்று அர்த்தம்.

இதற்குள் மெனேசஸ் காதுக்குப் போய்விட்டது. தலைமை விருந்தினர்களிடம் போய் அவர்களுடைய தாயாரைப் பற்றி ஏன் விசாரிக்கிறாய் என்று கேட்பதற்காக வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கை என் பெயர்ப்பட்டைப் பக்கம் வந்து, பாதியில் நின்றது.

"வைத்தி, மாசாமாசம் வருவாரே, ராஸ் அல் கைமா சார்னு கூப்பிடுவியே, அவர் பேர் என்ன?"

எனக்கு வியர்த்துவிட்டது. துபாய்க்கு வடக்கே இருக்கும் ராஸ் அல் கைமாவில் ஒரு கல்குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிற இன்ஜினியர் அவர். வயது ஐம்பதுக்கு மேல், தனிக்கட்டை. மாதத்தில் ஒரு வாரக்கடைசி எங்களிடம் வந்து, கார் நிறுத்தும் பக்கம் பார்த்த அறையை எடுத்துக்கொண்டு, போனை அணைத்துவிட்டுத் தூங்குவார். ஷூவில் எப்போதும் சுண்ணாம்புத் தூசி. பல வருஷமாக "குட் மார்னிங் ராஸ் அல் கைமா சார்" என்று கூப்பிடுகிறேன், அவரும் சிரித்துக்கொண்டே போவார். வெள்ளைக்காரர் என்று தெரியும். என்ன பெயர், எந்த ஊர் வெள்ளைக்காரர் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"பேட்ரிக் மர்ஃபி" என்றார் மெனேசஸ். "நேத்து ராத்திரி வந்தார். நீதான் சாவி கொடுத்தே."

பெயர்ப்பட்டை நேராக்கப்பட்டது.

ஒரு தட்டில் சாப்பாட்டோடு சாகுலும் நானும் அவர் அறைக் கதவைத் தட்டினோம். தலையணைக் கோடு பதிந்த கன்னத்தோடு வந்து திறந்தார். கேட்காத சாப்பாடு வந்ததில் ஒன்றும் புரியாமல், தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாங்கள் இருவரும் கைகட்டி நின்று அவர் ஒவ்வொரு வாயாகச் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொடுமையான காட்சி.

"சார், ஊரிலிருந்து உங்க தங்கச்சி போன் பண்ணினாங்க. அம்மாவுக்கு லேசா உடம்பு சரியில்லையாம். பயப்பட ஒண்ணுமில்லை. நாளைக் காலை விமானத்துல ஒரு சீட் பிடிச்சு வச்சிருக்கேன். காரும் சொல்லியாச்சு."

அவர் ஃபோர்க்கைக் கீழே வைத்தார். "லேசா உடம்பு சரியில்லைன்னா எதுக்கு விமானம்?"

என் அனுபவத்தில் யாரும் இப்படித் திருப்பிக் கேட்டதே கிடையாது. எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள், கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான். நான் சாகுலைப் பார்த்தேன். சாகுல் மூக்கை உறிஞ்சினார். அவ்வளவுதான், மனிதருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார்.

போனுக்குள்ளிருந்து முதலில் கேட்டது சிரிப்பு. அம்மாவுக்குச் சளியாம், வெறும் சளி. கஷாயம் மாதிரி எதையோ குடித்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாராம். மகன் பேசி நாளாயிற்று, ஒரு போன் பண்ணச் சொல் என்று நச்சரித்திருக்கிறார், அவ்வளவே. தரை பிளந்தால் சாகுலையும் இழுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பேன்.

எங்கள் வழக்கத்தை அவரிடம் உளறிக்கொட்டி விளக்கினேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

"எங்கப்பா சாகும்போது நான் கத்தார்ல இருந்தேன். 'கொஞ்சம் களைப்பா இருக்கார்'னு சொன்னாங்க. நானும் களைப்புன்னே நம்பினேன். வேலை முடிஞ்சு வர்றேன்னுட்டேன்" என்றார். அப்புறம் திரும்பி, "அந்த சீட்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. போனார். போனபோதுதான் சொன்னார், ஊருக்குப் போய் ஆறு வருஷமாம்.

விருந்து சிறப்பாக நடந்ததாகச் சொன்னார்கள். மூன்று மர்ஃபிகளும் மேடையில் நின்று என்னைப் பற்றித்தான் பேசினார்களாம், அதிலும் பாட்டியம்மா எழுந்து நின்று கைதட்டினாராம். நான் அன்றைக்கு லாபியைவிட்டு நகரவில்லை.

சில நாள் கழித்து அயர்லாந்திலிருந்து இன்னொரு போன். இந்தத் தடவை கிழட்டுக் குரல்.

"என்னைச் சாகடிச்ச ஆள் நீதானா?"

"மன்னிக்கணும் மேடம், அது ஒரு தப்பு..."

"தப்பா? ஆறு வருஷமா வராத பய வந்துட்டுப் போயிருக்கான். சமையல்கட்டுல ஒழுகிக்கிட்டிருந்த குழாயைச் சரி பண்ணிக் கொடுத்தான். என்கூட உட்கார்ந்து சீட்டாடித் தோத்தான். ஏம்ப்பா, அடுத்த மார்ச்சுலயும் என்னைக் கொஞ்சம் சாகடிக்க முடியுமா?"

மெனேசஸின் சட்டப்படி விருந்தாளியின் வேண்டுகோளை மறுக்கக்கூடாது. இவர் விருந்தாளியைப் பெற்றவர். எப்படி மறுப்பேன்? அதிலிருந்து ஒவ்வொரு மார்ச்சும் நான் ராஸ் அல் கைமாவுக்குப் போன் செய்வேன்.

"சார், அம்மாவுக்கு லேசா உடம்பு சரியில்லை."

"எவ்வளவு லேசா?"

"டிக்கெட் எடுக்கிற அளவுக்கு சார்."

அவர் குவாரி அதிரச் சிரிப்பார். பெட்டியோடு வந்துவிடுவார். அவருக்கும் தெரியும், யார் சொல்லி நான் கூப்பிடுகிறேன் என்று. போகும்போது அம்மாவுக்குப் பேரீச்சம்பழம், வரும்போது எனக்கு அம்மா கொடுத்தனுப்பிய கேக். அந்தக் கேக்கில் என்ன ஊற்றியிருக்கிறார் என்று சாகுல் ஒருநாள் மோந்து பார்த்துவிட்டு, "அஸ்தஃபிருல்லா" என்று தள்ளி உட்கார்ந்தார். "வருஷா வருஷம் ஊரான் வீட்டு அம்மாவைக் கொல்றதுக்கு ஒரு கோட்டு, ஒரு சம்பளம்!" என்று ஜெயா சொல்வாள். கேக்கை மட்டும் மிச்சம் வைக்கமாட்டாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், மார்ச் வருவதற்கு இன்னும் நாள் இருக்கும்போதே, நோராவிடமிருந்து போன் வந்தது. இந்த முறை என்னை மட்டும் கேட்டு.

"வைத்தி, அம்மா போயிட்டாங்க. காலையில, நாற்காலியில உட்கார்ந்தபடியே. டீ கூட ஆறலை." மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தார். "அவன் குவாரியில இருக்கான். நான் சொன்னா அந்த நெடுஞ்சாலையில தனியா, அழுதுக்கிட்டே வண்டி ஓட்டிக்கிட்டு வருவான். எனக்குப் பயமா இருக்கு. உங்க ஆளுங்க வழக்கம் இருக்கே, அப்படிச் சொல்லுங்களேன். இங்க வந்து இறங்கட்டும், நான் சொல்லிக்கிறேன்."

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சாலையை நினைத்துப் பார்த்தேன், சொல்லவில்லை.

"சார், அம்மாவுக்கு லேசா உடம்பு சரியில்லை."

"அட, இப்பவேயா? மார்ச் இன்னும் வரலையே!" என்று சிரித்தார். "எவ்வளவு லேசா?"

வராத இருமலை இருமினேன். "டிக்கெட் எடுக்கிற அளவுக்கு சார்."

மதியத்துக்குள் வந்துவிட்டார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். நேரம் இருக்கிறதே என்று ஹோட்டல் கடைக்குள் போய்ச் சால்வை பார்த்தார். "கிழவிக்கு இந்தத் தடவை பேரீச்சம்பழம் மட்டும் போதாது, சீசனுக்கு முன்னாடியே செத்திருக்காங்க" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். சாகுல் இதைக் கேட்டதும் பெட்டிகள் வைக்கும் அறைக்குள் போனவர்தான், வெளியே வரவே இல்லை.

"வைத்தி, நீலமா, பச்சையா?"

"நீலம் சார்."

"அவங்களுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கும் சார்."

சிரிப்பதற்குத்தான் எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள், அன்றைக்குத்தான் அது வேலை என்று தெரிந்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அம்மாகிட்ட உன் சார்பா என்ன சொல்லட்டும்?" என்றார். "நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்க சார்" என்றேன். கார் திரும்பிய பிறகு நானும் சாகுல் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிறகு வந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனிதனை, செத்துப்போன அம்மாவைப் பார்க்கச் சிரிக்கச் சிரிக்க அனுப்பிவைத்திருக்கிறேன். கெஸ்ட் ரிலேஷன்ஸ்! "நீங்க என்ன பண்ணுவீங்க, அந்தப் பொண்ணு கேட்டுச்சு, செஞ்சீங்க" என்றாள் ஜெயா. அவள் என் பக்கம் பேசியதிலேயே விஷயம் எவ்வளவு மோசம் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த மாதம் அவர் கார் வாசலுக்கு வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின்கதவு நிற்கும் இடத்தில் போய் நிற்க வேண்டியவன், நேராகப் பெட்டி அறைக்குள் போய் ஒரு பெரிய சூட்கேஸுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அறுபது வயதுக்காரன், கோட்டோடு. சாகுல் காட்டிக்கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. கதவு திறந்தது.

"தெரிஞ்சுதானே சொன்னே?"

"ஆமா மிஸ்டர் மர்ஃபி."

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நான் வெளியே வந்து எதிரே நின்றேன். அடிப்பார் என்றால் அடிக்கட்டும் என்று இருந்தது.

"நீலம் சரியா இருந்துச்சு. அதைப் போர்த்தித்தான் புதைச்சோம்" என்றார். பிறகு குனிந்து ஷூவில் இருந்த சுண்ணாம்புத் தூசியைத் தட்டினார்.

"பொய் சொல்லி வரவச்சதுக்கு அவங்களை எப்படித் திட்டலாம்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே போனேன், வைத்தி. அதுக்கு அவங்க என்ன பதில் சொல்லுவாங்க, நான் என்ன சொல்லணும்னு எல்லாம் தயாரா வச்சிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரன் என்ன சிரிக்கிறேன்னு கேட்டான். விமானம் தரையிறங்குற வரைக்கும் எங்கம்மா உயிரோடதான் இருந்தாங்க."